கையில்லாத கடிதத்துக்கு ஒரு புகழ்மாலை

ஒரு கவிதையில் முப்பத்தொரு பிழைகளைக் கண்டுபிடித்து அட்டவணை போட்டவள் நான். வரிசை எண், வரி, பிழையின் வகை, திருத்தம் என்று நான்கு நிரல்கள். பிழைகளுக்கு மஞ்சள், திருத்தங்களுக்குப் பச்சை. முடித்த ஞாயிற்றுக்கிழமை மாலை மனது நிறைவாக இருந்தது. ஒருவருக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தேநீர் போட்டுக் குடித்தேன்.

கவிதையை எழுதியவர் என்னோடு ஒரே காரில் வேலைக்கு வருகிற ஈரானியப் பெண். ஐம்பத்தாறு வயது. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டிலிருந்து பிராண்டேக்கு நாங்கள் மூன்று பேர் ஒன்றாகப் போவோம். கார் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணையுடையது. காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே கூடத்தில் வேலை: கண்ணாடி நார் விரிப்புகளை அச்சுக்குள் அடுக்குவது, அடுக்கியதைக் கையால் தடவிச் சுருக்கம் எடுப்பது. நான் அங்கேயே தரப் பிரிவில் பொறியியலாளர். முடிந்த இறக்கையில் எது வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லையோ அதை விலகல் என்று பதிய வேண்டும். ஒவ்வொரு விலகலுக்கும் ஓர் எண், ஒரு படம், ஒரு காரணம்.

அண்ணை அந்தப் பெண்ணை முதல் நாளிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டார். அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்கு அது பிடித்துவிட்டது. நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அண்ணையோடு எனக்குத் தமிழ், மூவருக்கும் பொதுவாக டேனிஷ். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது எல்லாருடைய பேச்சும் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அந்த இலையுதிர்காலக் காலைகள் நீருக்கடியில் நடந்தவை போல என்னிடம் தங்கியிருக்கின்றன. ஊரை விட்டு வெளியே வந்ததும் மூடுபனி. வயல் இல்லை, பைன் காடு இல்லை, முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும். சில நாட்களில் எதிரே ஒரு பாரவண்டி இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு வரும். நாங்கள் ஓரமாக நிறுத்தி வழிவிடுவோம். வெள்ளையாக, நீளமாக, முடிவதாகவே தெரியாமல் அது கடந்துபோகும். அதன் நீளம் எனக்கு மில்லிமீட்டர் வரை தெரியும். இருந்தாலும் ஏதோ பெரிய விலங்கு தூக்கத்தில் நடந்து போகிறது என்றுதான் தோன்றும்.

பின் இருக்கையில் அக்கா உதடுகள் மெல்ல அசையத் தொலைபேசியில் எழுதிக்கொண்டே வருவார். மகளுக்குச் செய்தி அனுப்புகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் அண்ணை பின்னோக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, விடியக் காலமை ஆரோடை இவ்வளவு கதை?"

"கொம்யூனோடை."

கொம்யூன் என்றால் இங்கே நகரசபை. இங்கே குடியேறிய எங்கள் பெற்றோரின் தமிழுக்குள் முதலில் நுழைந்த டேனிஷ் சொற்களில் அது ஒன்று.

"கொம்யூன் இந்த நேரத்திலை உங்களுக்குப் பதில் போடுதோ? எனக்கெண்டால் மத்தியானத்திலையும் போடாது."

"பதில் இல்லை. நான் அதைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருக்கிறன்."

அண்ணை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே பாடிக்கொண்டிருந்தார்.

அவர் முன்பு வேறோர் ஊரில் இருந்தபோது, வீட்டுக்கு முன்னால் ஒரு தெருவிளக்கு அணைந்துபோயிருக்கிறது. கொம்யூனுக்கு எழுதினார். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. உங்கள் விடயத்துக்கு இந்த எண் கொடுக்கப்பட்டுள்ளது என்று இன்னொன்று. பதினொரு கிழமைகள், அதாவது இரண்டரை மாதம், பொறுத்திருக்கவும் என்று மூன்றாவது. மூன்றின் கீழும் ஒரே வாக்கியம்: இக்கடிதம் கையொப்பம் இன்றியே செல்லுபடியாகும். அதைப் படித்த அன்று அக்கா ஒரு கவிதை தொடங்கினார். பழைய பாரசீக அரசவைகளில் மன்னர்களைப் புகழ்ந்து பாடிய அதே நீண்ட ஓசையில், அதே சொற்செல்வத்தோடு, கொம்யூனின் கடிதத்தைப் புகழும் கவிதை.

அப்போதுதான் தெரிந்தது, இஸ்பகானில் அவர் ஒரு பத்திரிகையில் இருபது வருடம் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தவர். அங்கே பகலில் மற்றவர்களின் மொழியைச் சீராக்கிக்கொடுத்தவர், இங்கே வந்தபின் அதே மொழியை வேண்டுமென்றே குலைத்து எழுதுகிறார். வேறு பெயரில் ஓர் இணைய இதழில் அங்கதக் கவிதைகள் வருகின்றன. ஹம்பேர்க்கிலும் டொரன்டோவிலும் யார் யாரோ அவற்றைப் படித்துச் சிரிக்கிறார்கள். எங்கள் கன்டீனில் அவர் நான்கு சொற்கள் பேசும் பெண். ஆம், இல்லை, நன்றி, நாளை.

நகர நூலகத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகலை வேற்றுமொழிக் கவிதைகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நூலகப் பெண் எப்படியோ அக்காவின் கவிதைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அழைத்துவிட்டார். அக்கா பாரசீகத்தில் வாசிக்க வேண்டும், டேனிஷ் வடிவம் திரையில் வரும். ஒப்புக்கொண்டதும் அவர் செய்த முதல் வேலை, ஓர்ஹூஸில் இருக்கும் மகளை அழைத்தது.

மகளைப் பற்றி நான் காரில் கேட்டுக்கேட்டுச் சேர்த்து வைத்திருந்தவை இவை. முப்பது வயது. ஒரு கொம்யூனில் வேலை. ஆம், அதே மாதிரியான கடிதங்களை எழுதுகிற வேலைதான். பாரசீகம் சமையலறை அளவுக்குப் புரியும், எழுத்துத் தெரியாது. பத்து வயதிலிருந்து தாய்க்கு வரும் எல்லாக் கடிதங்களையும் வாசித்துச் சொன்னவள், தாய் எழுதும் எல்லாவற்றையும் திருத்தியவள். இப்போதும் தாய் அனுப்பும் குறுஞ்செய்திகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவாள். கோபத்தில் அல்ல, பழக்கத்தில். எனக்கு அந்தப் பழக்கம் விளங்கும். நானும் பத்து வயதில் அப்பாவுடைய விடுப்புக் கடிதங்களைத் திருத்திய பிள்ளைதான்.

"அவளுக்கு நான் எப்பவும் அரைவாசி ஆள்," என்று ஒருநாள் அக்கா கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வசனத்தை முடிக்கத் தெரியாத ஆள். ஒருக்கா, ஒரேயொருக்கா, அவள் என்ரை முழு ஆளைக் கேக்கவேணும். சிரிச்சால் இன்னும் நல்லம்."

இது ஒன்றுதான் அந்தச் சனிக்கிழமையிடம் அவர் எதிர்பார்த்தது.

டேனிஷ் வடிவத்தை மகளிடம் கேட்க முடியாது. அகராதியை வைத்துத் தானே எழுதி, பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். அப்படித்தான் என் முப்பத்தொரு பிழைகள் வந்தன.

அட்டவணையையும் திருத்திய பிரதியையும் திங்கட்கிழமை கன்டீனில் கொடுத்தேன். ரை ரொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அக்கா வாசித்தார். இரண்டு முறை வாசித்தார்.

"இது ஆர் எழுதினது?"

"நீங்கள்தான். நான் திருத்தினது மட்டும்."

"இல்லை, பிள்ளை," என்று தாளைக் கவனமாக மடித்தார். "இது கொம்யூன் எழுதினது."

மாலையில் காரில் அண்ணையும் அதை வாங்கி, புறப்படுவதற்கு முன் ஸ்டியரிங்கில் வைத்துப் படித்தார்.

"எங்கை சிரிக்கிறதெண்டு இன்னொரு கொலம் போட்டிருந்தால் உதவியா இருந்திருக்கும்."

"அண்ணை, பிழையோடை விடச் சொல்லுறீங்களோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கவிதைக்கும் சேர்ட்டிபிக்கட் குடுக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

அக்கா பின்னாலிருந்து கை நீட்டி அட்டவணையைக் கேட்டார். பையிலிருந்து பென்சில் எடுத்து, பச்சை நிரலுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு நிரல் கீறினார். வழி முழுவதும் அதை நிரப்பிக்கொண்டு வந்தார். வேணுமெண்டு. வேணுமெண்டு. தெரியாமல். வேணுமெண்டு. ஒன்றுக்கு முன்னால் மட்டும் பென்சிலை நெடுநேரம் அசைக்காமல் வைத்திருந்தார். கிரின்ஸ்டெட் வந்தபோது இருபத்தாறு வேண்டுமென்று செய்தவை, ஐந்து தெரியாமல் செய்தவை.

அடுத்த சில நாட்களின் காலைப் பயணங்களில் அந்த இருபத்தாறையும் ஒவ்வொன்றாக விளக்கினார். அவசரப்படவில்லை. பனி, வைப்பரின் ஓசை, பின்னாலிருந்து அந்தக் குரல். பாதி விழிப்பில் கேட்டவை பல. அதனால் எனக்கு அவை விளக்கங்கள்போல அல்லாமல் கனவில் யாரோ காட்டிக்கொண்டுபோன அறைகள் போலவே நினைவிருக்கின்றன.

பாரசீகத்தில் நன்றி சொல்வதற்கு, உங்கள் கை நோகாதிருக்கட்டும் என்பார்கள். கடைக்காரரிடம், பேருந்து ஓட்டுநரிடம், யாரிடமும். அக்கா அதைக் கையொப்பமில்லாத கடிதத்திடம் சொல்கிறார்: கையே இல்லாதவரே, உம் கை நோகாதிருக்கட்டும். நான் அதைத் திருத்தி எழுதியிருந்தேன்: உங்கள் கடிதத்துக்கு நன்றி.

உனக்கு நான் பலியாவேன் என்பதும் அங்கே தினசரிப் பேச்சு. தொலைபேசியை வைக்கும்போது சொல்வது. கவிதையில் அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்: பலியாகிவிட்டேன், பெற்றுக்கொண்டதற்குப் பற்றுச்சீட்டு அனுப்பவும். நான் எழுதியிருந்தது: தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஓரிடத்தில், கதிரவனே, மன்னர் பலர் முடி தாழ்த்தும் வாசலே என்று நான்கு வரி உயர உயரப் போய், ஐந்தாவது வரியில் மரக்கறி விற்பவர் வாடிக்கையாளரை விரட்டும் பேச்சு வருகிறது. அந்த ஐந்தாவது வரியை நான் நீக்கியேவிட்டேன். நடை சீராக இல்லை என்று காரணம் எழுதியிருந்தேன்.

"இதெல்லாம் உங்கடை மொழியிலை ஆக்களுக்கு விளங்குமோ, வேணுமெண்டுதான் செய்தனீங்கள் எண்டு?" என்று கேட்டேன்.

"உடனை விளங்கும். ஏனெண்டால் ஓசை ஒரு இடத்திலையும் தடக்குப்படாது. பார்." அவர் பாரசீகத்தில் சொல்லிக் காட்டினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் விரலால் முழங்காலில் தட்டி எண்ணிப் பார்த்தேன். நெடில், நெடில், குறில், நெடில் என்று அது போய், திரும்பி, போய், திரும்பியது. வாழ்த்திலும் அதே ஓசை, மரக்கறிக் கடையிலும் அதே ஓசை. அரை மணி நேரத்தில் ஒரு விலகல்கூட இல்லை. எங்கள் இறக்கைகளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அந்த ஓசை நிக்கிறபடியால்தான் மற்றதெல்லாத்தையும் நான் உடைக்கலாம். வீடு நிக்குது, உள்ளுக்கை கோப்பையை எறியிறன். பாக்கிற ஆக்கள், இவளுக்கு விசர் இல்லை, இவள் விளையாடுறாள் எண்டு சிரிப்பினம்." "டேனிஷிலை எனக்கு வீடே இல்லையே. என்ரை டேனிஷ் உடைஞ்சது எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் வேணுமெண்டு உடைச்சால் ஆர் நம்புவினம்? என்ரை மகள் பேனையை எடுப்பாள்."

அண்ணை வழக்கமாக ஏதாவது சொல்பவர். அன்று வைப்பரை மட்டும் ஒரு படி கூட்டினார்.

எனக்கு அது முழுவதும் பிடிபட்டது வேறோர் இடத்தில். செவ்வாயோ புதனோ, காதில் சத்தத் தடுப்பான் மாட்டிக்கொண்டு, முடிந்த இறக்கை ஒன்றின் அடியிலிருந்து நுனி வரை கைவிளக்கோடு நடந்துகொண்டிருந்தேன். அந்த நடை எப்போதும் ஒரு மாதிரி மயக்கம் தரும். வெள்ளைப் பரப்பு, அதன்மேல் நகரும் ஒளிவட்டம், நமது மூச்சு மட்டும் நமக்குக் கேட்பது. நான் நினைத்துப் பார்க்காமலே உள்ளே தமிழில் வரிகள் ஓடின. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மனப்பாடம் செய்து, பொருள் தெரியாமல் மேடையில் ஒப்பித்த அந்தப் பெரிய தமிழும், அண்ணையின் கார்த் தமிழும்.

ஞாலம் விளக்கும் ஞாயிறே, நின்வாசல்
தூளெடுத்துக் கண்ணில் தீட்டினேனே – பதினொரு
கிழமையாம், இருக்கட்டாம், பாப்பினமாம்.

தனியாகச் சிரித்தேன். பக்கத்து இறக்கையில் வேலை செய்தவர் திரும்பிப் பார்த்தார். இலக்கணம் தெரிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று இப்போது கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன். அது உயரத்திலும் இல்லை, தாழ்விலும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கால் வைக்கும் இடத்தில் இருக்கிறது. நான் அந்த இடத்தைத்தான் இருபத்தாறு முறை சமப்படுத்தியிருக்கிறேன்.

அன்று மாலை காரில் இதைச் சொன்னேன். இனிச் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலாகவும் சொன்னேன். ஒன்று, டேனிஷ்காரர் எல்லாருக்கும் மனப்பாடமான ஓர் ஓசை வேண்டும். இரண்டு, அது தடக்குப்படக் கூடாது. மூன்று, அதில் கேலி செய்வது வழக்கமாக இருக்க வேண்டும். நான்காவதைச் சொல்வதற்குள் அண்ணை குறுக்கிட்டார்.

"பிறந்தநாள் பாட்டு."

"என்ன?"

"எங்கடை ஹோலிலை ஆருக்கும் அறுபதாம் பிறந்தநாளெண்டால் பேப்பர் குடுத்துப் பாடச் சொல்லுறாங்களெல்லோ. மெட்டு பழசு, எல்லாருக்கும் தெரிஞ்சது. சொல்லு மட்டும் புதுசு. அந்தாளின்ரை வண்டி வயித்தைப் பற்றி, பழைய காரைப் பற்றி, முதல் மனிசியைப் பற்றிக்கூட. அந்தாள் முன்னாலை இருந்து சிரிச்சுக்கொண்டு தானும் பாடுவார். எனக்குப் பாதி விளங்காது, ஆனால் மெட்டு இப்ப எனக்கும் பாடம்."

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளித் தோழிகளின் கொண்டாட்டங்களில், மேசையில் சுருட்டி வைத்திருக்கும் அந்தத் தாள்களை எத்தனையோ முறை விரித்துப் பாடியிருக்கிறேன். அது எனக்குத் தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் எப்போதும் இருந்தபடியால் அதை ஒரு கவிதை வடிவம் என்று நான் எண்ணியதே இல்லை.

அக்கா முன்னிருக்கைகளுக்கு இடையில் தலையை நீட்டினார். "எல்லாரும் சேந்து பாடுறதோ? கேலி செய்யப்படுற ஆளும்?"

"ஓம் அக்கா. அதுதான் பகிடியே."

"பாடு," என்றார்.

அண்ணை பாடினார். இங்கே எல்லாரும் பள்ளியில் கற்றுக்கொள்கிற, கோடைகாலத்தைப் பற்றிய ஒரு பழைய மெட்டு. கோவிலில் பாடிப் பழகிய குரல் அவருக்கு. டேனிஷ் சொற்கள் மன்னார் வழியாக வந்தன. வெளியே நான்கு மணிக்கே மங்கிவிட்ட வெளிச்சத்தில் பைன் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கண்களை மூடிக்கொண்டு விரல்களால் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை பாடும்போது அவர் மெட்டுக்குள் கதிரவனை வைத்துவிட்டார்.

இரண்டு கிழமை அந்த வேலை நடந்தது. காலை அரை மணி, மாலை அரை மணி. பழைய அட்டவணையை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருந்தேன்: மெட்டுக்குள் வந்தவை, வர மறுத்தவை, டேனிஷில் தானாகப் பிறந்தவை. மன்னர்களுக்கான பாரசீகச் சொற்களுக்குப் பதிலாகப் பழைய டேனிஷ் ஞானப்பாடல்களின் மணிமணியான சொற்களை எடுத்தோம். மரக்கறிக்காரருக்குப் பதிலாக எங்கள் கூடத்தில் பேசும் யூட்லாந்து வட்டாரப் பேச்சை வைத்தோம். பலியானதற்குப் பற்றுச்சீட்டு கேட்டது அப்படியே வந்தது. கையில்லாதவரின் கை மூன்று நாள் எடுத்தது. அது ஒரு காலையில் சந்தி விளக்கில் நின்றபோது அண்ணையின் வாயிலிருந்து வந்தது. பச்சை விழுந்தும் நாங்கள் நகரவில்லை, பின்னால் இருந்தவர் ஹோர்ன் அடித்தார்.

கடைசியாக அந்த ஐந்து. தெரியாமல் செய்தவை.

"இதையும் விட்டிடுவமோ அக்கா? மற்றதுகளோடை சேந்து போயிடும். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "திருத்து. என்ரை பிழையை நான் கவிதையெண்டு விக்கமாட்டன்."

திருத்தினேன். முதல் முறை பிரதியைத் திரும்பப் பெற்றபோது அவர் காட்டாத மரியாதையோடு இப்போது ஒவ்வொரு திருத்தத்தையும் கேட்டு, எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் நூலகத்தில் இருபத்தைந்து பேர் இருந்திருப்பார்கள். பெரிய கண்ணாடிச் சன்னல்களுக்கு வெளியே மழையா பனியா என்று முடிவு செய்யாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. கோப்பிக் குடுவைகள், கேக், உட்கார வரிசையாக இட்ட கதிரைகள். டேனிஷ்காரர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள். பின்வரிசையில் ஏழெட்டு ஈரானியரும் ஆப்கானியரும். மகள் இரண்டாம் வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, கைப்பை மேல் இரண்டு கைகள். தேர்வு எழுதும் பிள்ளையின் தாய் போல இருந்தாள்.

அக்கா முதலில் பாரசீகத்தில் வாசித்தார். நான் கன்டீனில் பார்த்த பெண் அல்ல அவர். குரல் உயர்ந்து, தயங்காமல், அரசவை நடுவில் நிற்பதுபோல நின்றார். பின்வரிசை சிரித்தது. சரியான இடங்களில், ஒரே நேரத்தில், மழை ஓட்டில் விழுவதுபோலச் சிரித்தது. ஒரு முதியவர் தொடையில் தட்டிக்கொண்டு ஏதோ சத்தமாகச் சொன்னார். மகள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். மறுபடி பின்னால் பார்த்தாள். அவர்கள் தன் தாயைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, தாயோடு சிரிக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அவள் தோள்களைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அண்ணை தாள்களைக் கொடுத்துக்கொண்டு போனார். சுருட்டி, சிவப்பு நூல் கட்டியிருந்தோம். அதைப் பார்த்ததுமே டேனிஷ் முதியவர்கள் முகம் மலர்ந்துவிட்டார்கள். யாருக்குப் பிறந்தநாள் என்று ஒருவர் கேட்டார்.

"கொம்யூனுக்கு," என்றார் அண்ணை.

மெட்டைத் தொடங்கியவரும் அவரே. முதல் சரணத்தில் எல்லாரும் பக்தியோடு பாடினார்கள், கதிரவனே, வாசலே என்று. ஐந்தாவது வரியில் யூட்லாந்துப் பேச்சு வந்ததும் முன்வரிசையில் ஓர் அம்மா பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். மெட்டு அவரை விடவில்லை, அடுத்த வரிக்கு இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் சரணத்தில் பாதி அறை சிரிப்பு, பாதி அறை பாட்டு. பாரசீகத்தில் எந்த இடங்களில் பின்வரிசை சிரித்ததோ அதே இடங்களில் இப்போது முன்வரிசை சிரித்தது. அக்கா அதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

மகள் பாடவில்லை. தாளை முகத்துக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் சரணத்தின் நடுவில் எழுந்து, கதிரைகளுக்கிடையே புகுந்து வெளியே போய்விட்டாள். அக்காவின் கண்கள் அவளைக் கதவு வரை தொடர்ந்தன. அவர் பாட்டை நிறுத்தவில்லை.

கோப்பிக்குப் பால் எடுக்கப் போவதுபோல நானும் வெளியே போனேன். கோட்டுகள் தொங்கும் நடைவழியில் அவள் நின்றிருந்தாள். கையில் பேனை இருந்தது. மூடி கழற்றவில்லை.

"நீங்கள்தான் இதைத் திருத்தினதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப ஏன் இதுகளை விட்டனீங்கள்?"

"அவ விடச் சொன்னவ."

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். உள்ளே கையில்லாதவரின் சரணம் தொடங்கியிருந்தது. கதவு வழியாகச் சொற்கள் கேட்கவில்லை, மெட்டு மட்டும் கேட்டது. எல்லாருக்கும் தெரிந்த அந்த ஓசை, சிரிப்பால் கிழிந்து, மறுபடி சேர்ந்து.

"எது வேணுமெண்டு செய்தது, எது பிழை?" மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள். "எனக்குத் தெரியேல்லை. அம்மா எழுதினதிலை எனக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல்தரம்."

பிழை ஒன்றும் இல்லை என்று என்னால் சொல்லியிருக்க முடியும். அதைச் சொல்ல வேண்டியவள் நான் அல்ல என்று தோன்றியது.

"அவவைக் கேளுங்கோ," என்றேன்.

கைதட்டல் ஓய்ந்து, ஆட்கள் கோப்பிக்காக எழுந்ததும் அக்கா நேராக நடைவழிக்கு வந்தார். கையில் மூக்குக்கண்ணாடி, நெற்றியில் வியர்வை. மகளுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார். நான் கோட்டுகளுக்குப் பின்னால் எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன்.

மகள் தாளை உயர்த்தி ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"நாலாம் சரணம். இக்கடிதம் கையொப்பம் இன்றியே செல்லுபடியாகும். இந்த வசனம்."

"ஓம்?" அக்காவின் குரல் கன்டீன் குரலாகிவிட்டது. "பிழையோ?"

"நாங்கள் இப்ப இப்பிடி எழுதுறேல்லை, அம்மா. மாத்தியாச்சு." மகள் நிமிர்ந்து நின்று, அலுவலகக் குரலில், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் சொன்னாள். "இக்கடிதம் எவராலும் எழுதப்படவில்லை. இதற்குப் பதில் அளிக்க விரும்பினால், இதற்குப் பதில் அளிக்க வேண்டாம்."

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல் தொடங்கி, கோட்டுக் கொளுக்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. "பொய்," என்றார். "பொய் சொல்லுறாய்."

"நான்தான் எழுதினனான்," என்றாள் மகள். "போன வசந்தத்திலை. ஒருத்தரும் திருத்தேல்லை." அவளுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அதற்குமேல் அவளாலும் அடக்க முடியவில்லை.

உள்ளேயிருந்து நூலகப் பெண் அக்காவைத் தேடிக் கூப்பிட்டார். அக்கா கையை மட்டும் அசைத்துக் காட்டிவிட்டு, பையில் தொலைபேசியைத் தேடினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார். "ஆறுதலாச் சொல்லு."

மகள் சொன்னாள். அக்கா பாரசீகத்தில், வலமிருந்து இடமாக எழுதினார். சொல் சொல்லாக, உதடுகள் அசைய, கால் விரலால் தரையில் ஓசை தட்டியபடி.